ஜமீலா கொடுக்காத குப்பி

அன்று மருந்துக்கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கல்லாவில் முதலாளி அண்ணாச்சி. மருந்து எடுத்துக் கொடுக்கும் ஜமீலா. மருந்துச் சீட்டோடு நின்ற பால்வாடி டீச்சர் வேலம்மாள். ஆட்டோவில் என்னைக் கூட்டி வந்த என் தங்கை மகன் ஆறுமுகம். அப்புறம் நான். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறுமுகம் வந்து, ஜமீலா நெஞ்சுவலியில் போய்விட்டாள் என்று சொன்னபோது, இந்த ஐந்து பேரும்தான் என் கண்ணுக்கு வந்தார்கள்.

ஜமீலாவைத் தெரிந்த ஊர்க்காரர்கள் உங்களுக்கு என் மூக்கின் கதை தெரியாது. சீவலப்பேரியில் பிசான நெல் அறுவடைக்கு மிஷின் இறங்கினால் அந்தத் தூசியில் எனக்குத் தும்மல், மூக்கடைப்பு. ஒரு வருஷம் களத்தில் வெற்றிலைப் பெட்டி சுற்றி வருவதுபோல், மூக்கில் அடிக்கும் மருந்துக் குப்பி ஒன்று எல்லோர் மூக்குக்கும் சுற்றி வந்தது. நானும் அடித்தேன். அடித்ததும் திறந்தது. அறுப்பு முடிந்து தூசியும் அடங்கியது. மூக்கு மட்டும் மருந்தில்லாமல் திறக்க மறுத்தது.

அதற்குப் பிறகு குப்பி என் இடுப்பிலேயே இருந்தது. அதை மறந்து பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் வாயால் சாப்பிடுவதா, மூச்சு விடுவதா என்று முழித்து, இலையை விட்டு எழுந்திருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே யாரோ என்னைப் பூட்டி வைத்ததுபோல் இருந்தது.

அன்றும் வழக்கம்போல் காலிக் குப்பியைப் பலகையில் வைத்தேன். ஜமீலா எடுக்கவில்லை.

"போன வாரந்தான வாங்குனீங்க ஆச்சி? இது மூணு நாளு மருந்து. அதுக்கு மேல அடிச்சா இதுவே மூக்க அடைச்சுரும். நீங்க பிரஷர் மாத்திர வேற திங்கீங்க. டாக்டர கேக்காம தர மாட்டேன்."

"என் மூச்ச அளந்து குடுக்கதுக்கு நீ யாருட்டி?" என்றேன். அதற்கு மேல் சொன்னதை எழுத மாட்டேன். எல்லோரும் கேட்டார்கள். அவள் முகம் சுளிக்கவில்லை. மூக்கு டாக்டர் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஆறுமுகத்தின் சட்டைப்பையில் வைத்தாள். என் கையில் கொடுத்திருந்தால் கிழித்திருப்பேன்.

திரும்பும் வழியில் ஆறுமுகம், என் வாயை அடைக்க, வேறு கடையில் இரண்டு குப்பி வாங்கிக் கொடுத்தான். ஒன்று தீர்வதற்குள் தலைவலி. ஊர் நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டுப் பயந்தாள். அப்புறம்தான் அந்தச் சீட்டைத் தேடினேன். டாக்டரும் அதே மூன்று நாளைத்தான் சொன்னார். தினமும் அடிக்க வேறு மருந்து கொடுத்தார். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். பழைய மருந்தை முதலில் ஒரு மூக்கில் நிறுத்தி, அது திறந்த பிறகு மற்றதில் நிறுத்த வேண்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே அந்த நாட்களைத் தள்ளினேன். ஒரு காலையில் பக்கத்து வீட்டில் நெல் அவிக்கும் வாசம் வந்தது. இரண்டு மூக்கிலும் வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் கடைக்குப் போனேன். அவள் தனியாக இருந்தாள். மிச்சக் குப்பியைப் பலகையில் வைத்து, "இத நீயே வச்சுக்கோ. அன்னைக்குச் சொன்னத மனசுல வச்சுக்கிடாத" என்றேன்.

"இது எங்க கடச் சரக்கே இல்லையே ஆச்சி" என்று சிரித்துக்கொண்டே குப்பைக் கூடையில் போட்டாள். "மூக்குதான் தொறந்துட்டுல்லா, இனி வாயயாவது மூடுங்க."

போன வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அவளை அடக்கம் செய்துவிட்டார்கள். ஆறுமுகத்துக்குக் காலையிலேயே தெரியும். துக்கத்துக்குப் போனவர்களை அவன் ஆட்டோவில்தான் ஏற்றிப் போயிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான் அவளக் கண்டாலே ஆகாதுல்லா பெரியம்ம."

நாலு பேர் முன்னால் திட்டினேன். ஆளில்லாத நேரத்தில் போய்ச் சமாதானம் ஆனேன். அது என் தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன். அண்ணாச்சி, வேலம்மாள், நீங்கள் கேட்கச் சொல்கிறேன்: அன்று ஜமீலா சொன்னதுதான் சரி. இந்த அறுப்பிலும் களத்தில் குப்பி சுற்றி வந்தது. அதை என் கையோடு நிறுத்தி, அவள் சொன்ன மூன்று நாள் கணக்கைச் சொன்னேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் இந்த மூச்சும்தான். அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்கு ஒரு காலைப் பொழுது இருந்தது. அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட ஆறுமுகத்தை நான் மன்னிக்க மாட்டேன்.