மீன்காரம்மா விற்ற வண்டி

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்னால் எரிந்துகொண்டிருக்கும் விளக்கெல்லாம் செத்துப்போகும். சாவியை விட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி எரியும். அந்த விளக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சொகுசுக்காக வாங்கிய வண்டியில்லை அது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு பயிற்சி கொடுக்கிறோமோ அவ்வளவுதான் கை திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயிற்சிக்காக வாரத்தில் மூன்று நாள் சிட்லபாக்கத்திலிருந்து குரோம்பேட்டைக்குப் போக வேண்டும். ஆட்டோவில் அவரால் குனிந்து ஏற முடியாது. டாக்சி கூப்பிட்டால், எங்கள் சந்து குறுகல் என்று தெரிந்ததுமே ரத்து செய்துவிடுவார்கள். ஒருவராவது தெருமுனை வரை வந்து பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அதனால்தான் பதினான்கு வயதான அந்தச் சின்னக் காரை வாங்கினேன். விற்றவர் செம்பாக்கத்தில் மீன் கடை வைத்திருக்கும் அம்மா. விடியற்காலையில் தானே ஓட்டிப்போய்க் கடற்கரையிலிருந்து மீன் எடுத்து வந்தவர். கடை பெரிதானதும் ஒரு லோடு ஆட்டோ வாங்கிவிட்டார். “ஒரு நாளு கூட நடுரோட்டுல நிறுத்தினதில்லம்மா, நம்பி எடுத்துகினு போ” என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே வண்டியை ஒரு மூச்சு கழுவினேன். மீன் வாடை போக வேண்டாமா? சீட்டு, டிக்கி, எஞ்சின் என்று எதையும் விடவில்லை. சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினேன். பத்து நாள் தங்கமாக ஓடியது. பதினோராம் நாள் ‘டிக்’.

பைக்கில் வந்த மெக்கானிக் கையில் கிரீஸ் படாமல் வேலை பார்க்கும் ரகம். கீழே எதையோ ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினார், வண்டி கிளம்பியது. “செல்ஃப் ஸ்டார்ட்டர் போச்சு மேடம். உங்க தலையில கட்டிட்டாங்க” என்றார். மறுநாளே மறுபடி ‘டிக்’. எதிர்வீட்டு சார், ஓய்வு பெற்றவர், பேட்டரி வீக் என்றார். ஹாரன் ஊரைக் கூட்டுகிறதே, பேட்டரி எப்படி வீக் ஆகும் என்று கேட்டேன். அவர் பதிலை என்னிடம் சொல்லவில்லை. நாக்கு குழறி உட்கார்ந்திருந்த என் கணவரிடம் விளக்கினார். ஓட்டுகிறவள் நான், கேள்வி கேட்டவள் நான். பதில் மட்டும் ஆம்பளைக்கு!

தெருவில் நாலு பேர் தள்ளினால் இரண்டாம் கியரில் கிளம்பும். ஆள் இல்லாத நாளில் பயிற்சி போச்சு. ஒரே வாரத்தில் இரண்டு நாள் போச்சு. என் கணவர் வீட்டிலேயே பந்தைப் பிடிக்கப் பார்ப்பார், அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும். மூன்றாவது தடவை குனிந்து எடுத்தபோது என் பொறுமை போய்விட்டது. நேரே செம்பாக்கத்துக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம் நெரிந்தது. “ஏம்மா, நோயாளியக் கூட்டிட்டுப் போகன்னு சொல்லித்தானே வாங்கினேன்? ஓட்டை வண்டியத் தலையில கட்டிட்டியே, இது அடுக்குமா உனக்கு? நாலு பேர் வந்து போற கடை இது. எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும், யாருகிட்ட வாங்குறோம்னு!” என்று கத்தினேன். வரிசையில் நின்றிருந்த ஒருவர் பையை மடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த அம்மா மீனை நறுக்குவதை நிறுத்தவில்லை. “நாளிக்கு வூட்டுக்கு வரேன்” என்றார்.

சொன்னபடி வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். “லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புக்கா.” திருப்பினேன். ‘டிக்’, விளக்கு செத்தது. “இன்னொரு தபா. விடாத, புடிச்சுகினே இரு.” அதற்குள் பேட்டரியின் முனையைக் கவ்வியிருந்த கிளாம்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். “சுடுது பாரு. கரண்டு இங்கதான் மாட்டிகினு கீது. செல்ஃபும் நல்லா கீது, பேட்டரியும் நல்லா கீது.”

ஸ்பேனர் கேட்டார், கொடுத்தேன். கிளாம்பைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக, சுண்ணாம்பு மாதிரி இறுகிய ஒரு பொருக்கு.

“இன்னாக்கா இது? சந்தனமா?”

 அன்று கழுவும்போது அந்த கிளாம்பைக்கூடக் கழற்றித் தேய்த்தவள் நான். எங்கள் வீட்டில் மிக்சி வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். பேட்டரியின் இரண்டு முனையிலும் சந்தனத்தை அப்பி, அதன் மேலேயே கிளாம்பை மாட்டியிருக்கிறேன். இடுக்கில் ஈரம் இருந்தவரை ஓடியது, பத்து நாளில் முழுக்கக் காய்ந்து இறுகியதும் நின்றது. ஊரில் அத்தனை பேரையும் கரித்துக் கொட்டினேனே, முதலில் திட்டியிருக்க வேண்டியது யாரை?

அவர் சுரண்டித் துடைத்து இறுக்கினார். சாவியைத் திருப்பிய முதல் தடவையே வண்டி உறுமியது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “மீன் நாத்தம் போவணும்னு இவ்ளோ கஷ்டப்பட்டியா? சொல்லியிருந்தா நானே கழுவிக் குடுத்திருப்பேனே.”

காபி சாப்பிட்டுப் போங்கள் என்றேன். கடை திறக்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். “கடைல... கத்தின. கடைல... போய்ச் சொல்லு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். கூட்டம் போன வாரம்போலவே இருந்தது. நான் முன்பு நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். கோபத்தில் எட்டுக் கடைக்குக் கேட்ட என் குரல் அன்று தொண்டையைத் தாண்டவில்லை. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார், மறுபடி நறுக்கத் தொடங்கினார். அவராக உதவப் போவதில்லை. ஏன் உதவ வேண்டும்?

“வண்டி நல்ல வண்டி. கெடுத்தது நான்தான். உங்களைச் சொன்னது தப்பு” என்றேன்.

“சத்தமா சொல்லுக்கா,” என்றார், “பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

சத்தமாகச் சொன்னேன்.