நம்மாளு முடுக்கிய போல்ட்

அறுபதுகளின் தொடக்கம். தீபாவளிக்கு மறுநாள் பிற்பகல். மழை விட்டு ஈரம் காயாத புக்கிட் தீமா சாலையில், என் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் பின்னால் சினிமாப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் படம் ஒன்று வந்தால் சிங்கப்பூருக்கு ஒரே ஒரு பிரதிதான் வரும். ஆனால் இரண்டு கொட்டகைகளில் ஓடும். தேக்கா பக்கத்துக் கொட்டகையில் படம் முதலில் ஆரம்பிக்கும். புக்கிட் பாஞ்சாங் தாண்டி, சுவா சூ காங் போகும் வழியில் இருந்த தகரக் கொட்டகையில் இரண்டு மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும். இங்கே ஓடி முடிந்த சுருளை அங்கே கொண்டு சேர்ப்பவன் நான். முதல் பாதிக்கு ஒரு நடை, இடைவேளைக்குப் பிறகு உள்ளதற்கு இன்னொரு நடை. நான் போய்ச் சேராவிட்டால் அங்கே திரை வெள்ளையாக நிற்கும். அதற்குமுன் இரண்டு முறை அப்படி நின்றிருக்கிறது. ஒருமுறை வெள்ளம், ஒருமுறை டயர் பஞ்சர். மூன்றாம் முறை நின்றால் வேலைக்கு வரவேண்டாம் என்று அந்தத் தகரக் கொட்டகை மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த வேலையை நம்பித்தான் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஓர் அறை பிடித்து, ஊரிலிருந்து மனைவியை வரவழைத்திருந்தேன். அவள் வந்து முழுதாக நாற்பது நாள்கூட ஆகவில்லை.

வண்டியை நான் பார்க்கக் கொடுத்தது தேக்காவின் ஒரு பின்சந்தில் இருந்த மெக்கானிக்கிடம். எங்கள் மாவட்டத்துக்காரர். ஜாலான் புசாரில் கடைசல் பட்டறை வைத்திருந்த சீனர் கெட்டிக்காரர் என்று பலரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. நம்மாளு இருக்கும்போது எதற்கு வேறு இடம்? மெக்கானிக்கும் என்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்தார். தீபாவளிக்கு மூன்று மாதத்துக்கு முன்பு ஒருநாள், இஞ்சினில் எண்ணெய் மாற்றிவிட்டு, அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைக் காட்டி, “இத மட்டும் நீங்க தொடாதீங்க தம்பி. எண்ணெய் மாத்தணும்னா எங்கிட்டயே வாங்க. எனக்குக் காசே வேணாம்” என்றார்.

நான் அப்படியே உருகிப்போனேன். கடல் கடந்து வந்த இடத்தில் இப்படி ஒரு மனிதரா என்று மனைவிக்குக் கடிதத்தில்கூட எழுதினேன்! வண்டி நின்ற இடத்தில் தினமும் இரண்டு சொட்டு எண்ணெய் கிடக்கும். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பால் டின்னைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அன்று இரண்டாவது நடை. பாதி வழி தாண்டியிருப்பேன். திடீரென்று இடது கால் சப்பாத்து சுடச்சுட நனைந்தது. இஞ்சின் சத்தமும் மாறியது. உடனே நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தேன். போல்ட்டைக் காணோம். எண்ணெய் முழுவதும் சாலையில் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஓட்டைக்குள் விரலை விட்டேன். போல்ட்டைப் பிடிக்கும் மரையே இல்லை, வழவழவென்று இருந்தது. விரலோடு வந்தது என்ன தெரியுமா? சோப்பும், எண்ணெயில் ஊறிய பருத்தி நூலும்!

மரை போனது தெரியாமல் இருக்க அடைத்து வைத்திருக்கிறார், அந்தப் போல்ட்டைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

சாலையை ஒட்டிக் கீரைத் தோட்டம் ஒன்று இருந்தது. ஒரு சீன அம்மா பம்பு வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். வண்டியைப் பார்த்தார். பெட்டியைக் காட்டி, “வாயாங்?” என்றார். படமா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. ஓட்டையை விரலால் அளந்து பார்த்துவிட்டுப் போய், உடைந்த மண்வெட்டிக் காம்பில் ஒரு துண்டைச் சீவி ஆப்பாக்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி, கட்டையால் தட்டி இறக்கினார். பிறகு பம்புக்காக வைத்திருந்த எண்ணெயை டின்னோடு கொண்டுவந்து ஊற்றினார். நான் சட்டைப் பையில் கை விட்டதும், போ போ என்று சாலையைக் காட்டி விரட்டினார்.

மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது திரை வெள்ளையாகி முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. புதுச்சட்டை போட்ட கூட்டம் முழுக்க விசிலும் கூச்சலுமாக இருந்தது. இரண்டு செருப்புகள் திரையடியில் கிடந்தன. மேனேஜர் என் கறுப்பு எண்ணெய்க் கையைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை.

“பெட்டிய வச்சிட்டுப் போப்பா. நாளையிலேருந்து வேன்காரன் எடுத்துக்குவான்” என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்தான் முன்கூட்டியே சொல்லியிருந்தாரே.

மறுநாள் காலை மெக்கானிக் கடை திறக்கும்போதே நான் வண்டியோடு அங்கே நின்றேன். மரக்கட்டை ஆப்பையும் நூலையும் காட்டிக் கேட்டேன். “பழைய வண்டி தம்பி, அதிர்வுல கழண்டிருக்கும்” என்றார். போல்ட்டுகள் போட்டு வைக்கும் அவருடைய பிஸ்கட் டின்னை எடுத்துத் தரையில் கொட்டினேன். உள்ளே என் பழைய போல்ட் இருந்தது. அதன் தலையில் நானே ஒருமுறை உளியால் போட்ட வெட்டு அப்படியே இருந்தது. மரையும் கொஞ்சம்கூடத் தேயவில்லை.

அப்புறம்தான் உண்மை வந்தது. அவர் கடைக்கு ஜப்பான் வண்டிகள் வர ஆரம்பித்திருந்த சமயம் அது. அவற்றின் மரை வேறு கணக்கு, பிரிட்டிஷ் வண்டியின் மரை வேறு கணக்கு. பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரே பருமன்தான். இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். இவர் கை மாறி ஜப்பான் போல்ட்டைப் போட்டு, ஸ்பேனரில் குழாய் சொருகி முடுக்கியிருக்கிறார். இஞ்சினின் அலுமினிய மரை சீவிக்கொண்டு போய்விட்டது. இனி எந்த போல்ட்டும் நிற்காது. உடனே சோப்பைத் தடவி, நூலைச் சுற்றி, அந்த ஜப்பான் போல்ட்டையே திணித்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டார். பிரியம் பொங்கியது அதற்குத்தான்.

“கை மாறிப்போச்சு தம்பி. அன்னிக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். நம்மாளுகிட்ட போய் எப்படிச் சொல்றதுன்னு...”

“நம்மாளுங்கறதாலதானே நான் உங்கள நம்பினேன்!” என்று கத்தினேன். “நம்மாளுன்னா முதல்ல சொல்ல வேணாமா? என் பொழப்பே போச்சுண்ணே!”

கூட்டம் கூடிவிட்டது. அவர் செய்தது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் என் தோளைத்தான் பிடித்தார்கள். “விடுங்க தம்பி, நம்மாளுதானே. நாலு பேர் பாக்கறாங்க லா.” எனக்கு வேலை போனது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அவருக்கு மானம் போய்விடக் கூடாதாம்! வேலை போனதைவிட அந்தச் சமாதானம்தான் என்னை அதிகம் எரித்தது.

வண்டியை உருட்டிக்கொண்டு ஜாலான் புசார் போனேன். கடைசல் பட்டறைச் சீனருக்கு என் வயதுதான் இருக்கும். விளக்கைப் பிடித்து ஓட்டையை வெகுநேரம் பார்த்தார். ஓட்டையைப் பெரிதாக்கி, பித்தளையில் ஒரு வளையம் கடைந்து உள்ளே இறக்கி, அதற்குள் புது மரை வெட்ட வேண்டும் என்று கையால் சைகை செய்தார். கருவியைத் தொடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து மலாயில், “போலே பெச்சா. சாயா சாக்காப் டூலு” என்றார்.

இஞ்சின் உடைந்தாலும் உடையலாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன் என்று அர்த்தம்.

உடையவில்லை. என் பழைய போல்ட்டே அதில் விரலால் சுற்றும்போதே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அப்புறம் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வேலை கிடைக்கத்தான் ஐந்து மாதம் ஆயிற்று, ஒரு பிரெட் கம்பெனியில். கையில் முதல் சம்பளம் வந்ததும் புக்கிட் தீமா போய், அந்தக் கீரைத் தோட்டத்து அம்மாவிடம் ஒரு டின் எண்ணெய் கொடுத்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வண்டியின் அடியைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

மெக்கானிக்கை அதன்பிறகு கோயிலில் பலமுறை பார்த்திருக்கிறேன். கும்பிடுவார், நானும் கும்பிடுவேன். ஆனால் வண்டியைக் கொடுத்ததில்லை. கை மாறிப் போல்ட் போட்டதை நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன். மூன்று மாதம் தினமும் அந்த வண்டி அவர் கடை வாசலைத் தாண்டித்தான் போனது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து, நம்மாளுதான், நம்பி எதையும் கொடுக்கலாம் என்றால், கெட்டுப்போனால் வாயைத் திறந்து முதலில் சொல்லுவாரா என்று மட்டும்தான் நான் கேட்கிறேன்.