ஒன்பது எழுத்தில் ஒரு பெண்பார்ப்பு

எனக்கு டைப்பிங் தெரியும் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். எனக்குத் தெரிந்தது ஒன்பதே ஒன்பது எழுத்து.

எண்பதுகளின் நடுவில், பிளஸ் டூ முடித்த கையோடு, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன். அங்கே மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். நடு வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு முழுப் பக்கம் தப்பில்லாமல் அடித்தால்தான் மேல் வரிசைக்கு விடுவார். அதையும் தாண்டினால் கீழ் வரிசை. கூடச் சேர்ந்தவர்கள் பத்து நாளில் மேலே போய்விட்டார்கள். நான் ஒன்றரை மாதமாக நடு வரிசையிலேயே குடியிருந்தேன். என் சுண்டுவிரல்கள் இரண்டும் சுத்தச் சோம்பேறிகள். அதைவிடப் பெரிய கோளாறு, அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

வராமல் என்ன செய்யும்? அந்த வரிசையில் இருக்கிற ஒரே உயிரெழுத்து a. அதோடு s, d, f, g, h, j, k, l. இவ்வளவுதான் சரக்கு. இதை வைத்து மாஸ்டர் குட்டிக் குட்டி இங்கிலீஷ் வார்த்தைகளாகவும் வரிகளாகவும் ஓர் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். அர்த்தம் கேட்டால், "வெரலுக்கு எதுக்கும்மா அர்த்தம்? தட்டு" என்பார். எனக்கு அர்த்தம் தெரியாவிட்டால் தூக்கம் வராது. டிக்ஷனரியைப் புரட்டி ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். lad பையன், lass பொண்ணு. ash சாம்பல், gash வெட்டுக்காயம், lash சாட்டை. gall பித்தம். hag என்றால் அவலட்சணமான கிழவி. alas என்றால் ஐயையோ. நம்ம ஊர் லட்சம்கூட lakh என்று வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பித்தம் தலைக்கேறிய கிழவிக்கு ஒரு லட்சம் என்று நினைத்துப் பார்ப்பேன். சிரிப்பில் விரல் வழுக்கும். அந்தப் பக்கம் அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒன்னர மாசமா ஒரே வரியத் தட்டிக்கிட்டுக் கெடக்கற. ஞாயித்துக்கெழம உன்னையப் பொண்ணு பாக்க வர்றாங்க. உங்கம்மா சொன்னத நம்பி, டைப்பிங் தெரிஞ்ச புள்ளைன்னுதான் வர்றாங்க. அவங்க முன்னால என் மானத்த வாங்குன, அன்னைக்கே கிளாசுக்கு முழுக்கு" என்றார். கல்யாணம் நடந்தால் நடக்கட்டும், நின்றால் நிற்கட்டும், அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கிளாஸ் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். டைப்பிங்கில் முதல் படியான லோயர் பரீட்சை பாஸ் பண்ணி ஓர் ஆபீசில் உட்கார வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

பாலக்கோட்டிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மா அப்பாவும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அதாவது வரப்போகிற சம்பந்தி, ரிடையர்டு கிளார்க். வந்து உட்கார்ந்ததும், "பாட்டெல்லாம் வேணாங்க. பொண்ணு டைப் அடிக்கறதப் பாத்தாப் போதும்" என்றார். மெஷின் வீட்டிலா இருக்கிறது? அம்மா அசரவில்லை. கேசரியையும் பஜ்ஜியையும் தூக்குப்போசியில் அடைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் பென்னாகரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டாள். இன்ஸ்டிட்யூட் படி குறுகல். மூன்றாம் படியில் சம்பந்தி வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேறு யாரும் இல்லை. மாஸ்டர் மட்டும் இருந்தார். "எண்ணெக் கையோட மெஷினத் தொடாதீங்க" என்று எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்தார். பெஞ்சில் பஜ்ஜி பரிமாறி முடிந்ததும் நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஒரு லீவ் லெட்டர் அடிம்மா" என்றார் சம்பந்தி.

லீவ் லெட்டரா! நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கேசரியைப் பார்த்தாள். அப்பா என்னையே பார்த்தார். வேறு வழியில்லை. அட்டையில் இருந்ததை அடிக்க ஆரம்பித்தேன். இருந்த பயத்தில் சிரிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சடசடவென்று ஒரு முழுப் பக்கத்தை அடித்து உருவிக் கொடுத்தேன்.

சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "a sad lad asks a lass. இதுக்கென்னம்மா அர்த்தம்?"

"சோகமான பையன் ஒருத்தன் ஒரு பொண்ணக் கேக்கறானுங்க."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். பாவம், அவர் முகமும் அப்படித்தான் இருந்தது.

"dad shall fall?"

"அப்பா கீழ விழுவாருங்க."

மாப்பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது. சம்பந்தி விடவில்லை. "a hag has a lash. இது?"

நான் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். "சொல்லும்மா" என்று அதட்டினார்.

"கெழவி ஒருத்தி சாட்டை வெச்சிருக்காங்க."

மாப்பிள்ளையின் அம்மா பாதி பஜ்ஜியைக் கீழே வைத்தார். "எங்களக் கிண்டல் பண்ணவா கூட்டியாந்தீங்க?" என்று சம்பந்தி எகிற, மாஸ்டர் வந்து தாளை வாங்கினார். அவர் அர்த்தத்தையா பார்ப்பார்? சிவப்புப் பேனாவோடு எழுத்து எழுத்தாகப் போனார். பேனா எங்கேயும் இறங்கவில்லை. "ஒரு தப்பு இல்ல!" என்று கத்தினார். "நாளையிலருந்து நீ மேல் வரிசைம்மா!"

"அப்ப இத்தன நாளா?" என்றார் சம்பந்தி.

"நடு வரிசைதாங்க. இந்த ஒம்பது எழுத்துதான்" என்று பெருமையாகச் சொன்னார் மாஸ்டர்.

போச்சு! பாலக்கோட்டுக்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்கள். நாங்களும் பஸ் ஏறித் திரும்பினோம். கிளாசுக்கு முழுக்குதான் என்று முடிவுகட்டிவிட்டேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா கேட்டார்.

"அந்த மாஸ்டரு எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாரா? தப்பே இல்லன்னு?"

"யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லப்பா."

அப்பா செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "அப்ப அந்த மேல் வரிசையையும் ஒரு கை பாத்துட்டு வா."

மறுநாள் மேல் வரிசையில் p கிடைத்தது. அதுவும் சுண்டுவிரலுக்குத்தான். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் முதல் வேலையாக appa என்று அடித்தேன். நாலு எழுத்தையும் அந்த இரண்டு சோம்பேறி விரல்களே அடித்து முடித்தன. தாளைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்துப் படித்துக் காட்டினேன்.

"எனக்கு எங்கடி?" என்றாள் அம்மா.

"உனக்கு m வேணும்மா. அது கீழ் வரிசைல இருக்குது."

அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "புளுகுனவங்க கொஞ்ச நாளு காத்திருக்கட்டும்."

அன்றையிலிருந்து, நேரமாச்சு நேரமாச்சு என்று தினமும் என்னைக் கிளாசுக்கு விரட்டியது அம்மாதான்.