எதிர்ச் சுவரில் விளைந்த வயல்

எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான். மாத்திரை விழுங்குவதும் அதில்தான், காப்பியும் அதில்தான். சிறுநீரகம் கெட்டுப்போனதிலிருந்து குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. கால் வீங்கும், மூச்சு வாங்கும். தாகம் தாங்காதபோது எலுமிச்சைத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வேன்.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கீழ்வேளூரில் பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். போனதும் எடை பார்ப்பார்கள். ஏறியிருப்பதெல்லாம் தண்ணீர். அதை மெஷின் நாலு மணி நேரத்தில் உறிஞ்சி எடுக்க வேண்டும். நிறைய எடுக்க வேண்டியிருந்தால் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு உயிர் போகும்.

ஊசி ஏறியிருக்கிற கையை அசைக்கக் கூடாது. பார்ப்பதற்கு எதிரே ஒரு நீளமான வெள்ளைச் சுவர். ஓரத்தில் மழைநீர் இறங்கிய பழுப்புக் கறை. அதைப் பார்த்துப் பார்த்து அதில் ஒரு ஆட்டுத் தலை, ஒரு உடைந்த குடம் எல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. பத்தாம் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டபோதும் அப்படித்தான். பதில் தெரியும், வாய்தான் வராது.

பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு நேர்மாறு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். "ஏம்மா, டிக்கெட் எடுக்காம ஏறுன ஆள் மாதிரி ஏன் இப்படிச் சுருண்டு கிடக்கே?" என்று என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். மருத்துவமனைச் சுவர்களில் எல்லாம் படம் வரைகிறார்களாம். பிரசவ வார்டில் மயில் முடிந்துவிட்டதாம்.

"உங்க சுவருதாங்க பெருசு. என்ன வரையலாம், சொல்லுங்க" என்றாள் முன்னால் நின்ற இரட்டைச் சடைப் பெண். ப்ளஸ் ஒன் படிக்கிறவள். கன்னத்தில் ஏற்கெனவே மயில் நீலம் ஒட்டியிருந்தது.

"பஸ் போடு பாப்பா" என்றார் கண்டக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்கள், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறைக்கு விடுமுறை. அன்றைக்கு வரைந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

சுவர் முழுக்க ஆறு. இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஆடிப்பெருக்குத் தண்ணீர். நடுவில் மதகு. பலகையைத் தூக்கிவிட்டதும் வாய்க்காலுக்குள் நுரைத்துக்கொண்டு விழுகிற தண்ணீரை எப்படித்தான் வரைந்தார்களோ, சத்தம் கேட்பது போலவே இருந்தது. பாலத்திலிருந்து ஒருவன் குதிக்கிறான். கரையில் பெண்கள் குனிந்து இரண்டு கையிலும் அள்ளுகிறார்கள். அவ்வளவு அழகு.

மெஷினில் போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது, எனக்குத் தொண்டை வறண்டது. கண்ணை மூடினேன். மூடினாலும் மதகு கொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் கண்டக்டரும் உதட்டை நக்கிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக்கூடப் போன் போட்டுச் சொல்கிற ஊர் இது. இங்கே பிறந்த பிள்ளைகளிடம் அழகாக ஒன்று வரை என்றால் வேறு எதை வரைவார்கள்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொம்போடு தூக்கிக் குடித்துவிட்டேன். வியாழக்கிழமை எடை காட்டிக்கொடுத்தது. எனக்கு மட்டுமில்லை, பாதிப் பேருக்கு ஏறியிருந்தது. டாக்டர் எடைகளையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார்.

"பசங்க நல்லாத்தான் வரைஞ்சிருக்காங்க. ஆனா இந்த ரூமுக்கு இது வேண்டாம் சிஸ்டர். பழையபடி வெள்ளையே அடிச்சிடலாம்."

"பிள்ளைங்க சனிக்கிழமை வருதுங்க சார். ஆசையா வருங்க. யாரு சொல்றது?" என்றார் சிஸ்டர்.

"நான் சொல்றேன்."

அந்த ஆறு என்னை வதைத்தது உண்மை. ஆனால் மறுபடியும் அந்த வெள்ளைச் சுவரா? எனக்கு வேறு சிறுநீரகம் வருமோ வராதோ, அதுவரைக்கும் என் எதிரே இருக்கப் போவது அதுதான். ஆட்டுத் தலையும் உடைந்த குடமும்.

சனிக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் சம்பா கதிர் சாய்ந்து பழுத்திருந்தது. அறுப்பு நெருங்கிவிட்டதால் வாய்க்காலை அடைத்து, வடிகாலைத் திறந்துவிட்டிருந்தார்கள். நிலம் காய்ந்தால்தான் அறுப்பு மெஷின் இறங்கும். எங்கள் குத்தகை வயலிலும் முந்தின நாள்தான் என் வீட்டுக்காரர் தண்ணீரை வடிய விட்டிருந்தார். பயிருக்கு அவ்வளவு தண்ணீர் கொடுத்துவிட்டு, கடைசியில் அதை வடிய விட்டால்தான் நெல் வீட்டுக்கு வரும். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அது மட்டும்தான் மனதில் இருந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். யார்மேலும் தப்பில்லை, இவர்களுக்குத் தண்ணீர் ஆகாது, பார்த்தாலே தாகம் எடுக்கும் என்று. இரட்டைச் சடைப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"எங்களுக்குத் தோணவே இல்லைங்க சார். நாங்களே வெள்ளை அடிச்சிடுறோம்."

"வேண்டாம்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "அடேங்கப்பா, பேசுது!"

முகமெல்லாம் சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "தண்ணியை வடிய விட்டுடுங்க பாப்பா. மதகுப் பலகையை இறக்கிடுங்க. ஆறு இருக்கிற இடத்துல விளைஞ்ச நெல்லு போடுங்க. அறுப்பு வயல்ல தண்ணி இருக்காது. எங்களுக்கும் தாகம் எடுக்காது."

என் வாழ்நாளில் ஒரு கூட்டத்துக்கு நடுவே நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை.

டாக்டர் யோசித்தார். "சரி. பொங்கலுக்குள்ள முடிக்கணும். இல்லேன்னா வெள்ளைதான்."

"அப்படியே ஓரமா ஒரு பஸ்ஸு" என்றார் கண்டக்டர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனால் பிள்ளைகள் வாசலிலேயே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளி விடுமுறை. அவசரத்தில் நீலத்தின்மேல் வெள்ளை அடிக்காமல் நேராக மஞ்சளைப் பூசியிருக்கிறார்கள். எல்லாம் பச்சையாகிவிட்டது.

"கெடுத்துட்டோம் அத்தை" என்றாள் அந்தப் பெண். அத்தை என்று அவள் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே போய்ப் பார்த்தேன். சுவர் நெடுக இளம்பச்சை. சில இடத்தில் கருகருவென்று, சில இடத்தில் வெளிறி, நடவு வேர் பிடித்துத் தூர் கட்டுகிற வயல் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

"எது கெட்டுச்சு? எடுத்ததும் கதிரா வரும்? பச்சை கட்டித்தானே விளையும்" என்றேன். இந்தத் தடவை முகம் சுடவில்லை.

"அத்தை சொல்லிடுச்சில்ல? உரத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க பிள்ளைங்களா" என்றார் கண்டக்டர். அறை முழுக்கச் சிரிப்பு. சிரித்ததில் யாருடைய மெஷினோ கீ கீ என்று கத்த, சிஸ்டர் ஓடினார்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பச்சை வயலைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். யாருக்கும் எடை மிஞ்சவில்லை. இந்தக் கட்டிலிலிருந்து அந்தக் கட்டிலுக்கு, புகையான் பூச்சி விழுந்ததா, எலி வெட்டியதா என்று விசாரணை வேறு.

பொங்கலுக்கு முந்தின செவ்வாய். கதவைத் திறந்தேன். விளைந்துவிட்டது. பச்சைமேல் இரண்டு முறை மஞ்சள் ஏறி, அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை தங்கி, நிஜமான சம்பா நிறம். கதிரெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. மதகுப் பலகை இறங்கியிருந்தது. ஆற்றில் தண்ணீர் அள்ளிய பெண்கள் அதே குனிவில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பாலத்திலிருந்து குதித்தவனுக்குக் கீழே ஒரு வைக்கோல் போர் முளைத்திருந்தது. பாலத்தின்மேல் ஒரு பஸ்.

"படிக்கட்டுல தொங்குறானே, அவனை உள்ள ஏறச் சொல்லு" என்றார் கண்டக்டர்.

பிள்ளைகள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். நாங்கள் மெஷினில் படுத்த பிறகு டாக்டர் வந்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நடந்து பார்த்தார். ஒரு கதிரைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"பிரமாதம். எந்த ஊரு வயல் இது?"

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஊசி ஏறியிருந்த கையை அசைக்காமல் மற்றக் கையை உயர்த்தினேன்.

"எங்க வயல் சார்" என்றேன், கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கும்படி.