கேலண்டரில் ஓர் ஆபரேஷன்

ரயில் கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் ஷைலா இரண்டு பேருக்குப் போன் போட்டுத் திட்டியாயிற்று. திட்டுவது என்றால் குரல் உயராது. "உங்க நாய் காணாமப் போனது வருத்தம்தான். ஆனா அது புறா இல்ல. கேலண்டர்லேருந்து எடுத்துட்டேன்," என்பார். எதிர்முனையில் இருப்பவர் வாய் திறப்பதற்குள் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்.

கோலார் தங்கவயலில் மாரிகுப்பம் பந்தயப் புறா சங்கத்தின் செயலாளர் அவர். பெங்களூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு வேலை. தினமும் என் எதிர் சீட். வீட்டில் ஒரு புறாகூடக் கிடையாது. அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள். புறா வைத்திருப்பவரே புறாக்கள் வந்து சேரும் நேரம் குறித்தால் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். புறாவைப் பற்றி ஷைலாவின் அபிப்பிராயம் கேட்டால், "கூரையைப் பாழாக்கும்" என்பதோடு முடிந்துவிடும்.

மாதம் ஒருமுறை சங்கத்தின் செய்திமடல் அச்சாகி வரும். பந்தய முடிவுகள், கடைசிப் பக்கத்தில் கேலண்டர். போன வருஷம் ஆண்டர்சன்பேட்டை அச்சகம் இனி ஃப்ளெக்ஸ் மட்டும்தான் அடிப்பது என்று முடிவு செய்தது. வேண்டுமானால் மடலையும் ஃப்ளெக்ஸிலேயே அடித்துத் தருவதாக முதலாளி சொன்னார். ஷைலா யோசித்துப் பார்த்ததாகவே சொல்கிறார். பிறகு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றினார், ரயிலில் உட்கார்ந்தபடி, சிக்னல் கிடைத்த இடங்களில்.

ஏற்றும்போது எதையோ மாற்றி அழுத்திவிட்டதில், கேலண்டரில் எந்த உறுப்பினரும் எழுதலாம் என்று ஆகிவிட்டது. எழுதினார்கள். குழாயில் தண்ணீர் வரும் நாள், ஒருவர் மகளின் நிச்சயதார்த்தம், பாக்கியவதி வீட்டு மிக்சி விற்பனைக்கு. காலையில் ஏறியதும் அழிப்பது ஷைலாவின் வேலையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் சொல்லிவிட்டுப் பூட்டிவிடுவதாக இருந்தார்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்று முளைத்திருந்தது. "நிகழ்ச்சி: காத்தவராயனுக்கு நெஞ்சு ஆபரேஷன். இடம்: கோலார். வருகிறவர்கள்: ஒருவர்." காட்பாடியிலிருந்து புறா விடும் பெரிய பந்தயமும் ஆபரேஷன் குறித்திருந்த அதே நாளில்தான்.

வருகிற அந்த ஒருவர் காத்தவராயனேதான். நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். முந்தைய பந்தயம் ஒன்றில் அவர் புறா எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து சேர்ந்தது. கூண்டுக்குள் இறங்காமல் ஓட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. உள்ளே வராதது வந்த கணக்கில் சேராது என்று சங்கத் தலைவர் டைட்டஸ் தீர்ப்புச் சொன்னார். கோப்பை டைட்டஸின் புறாவுக்குப் போயிற்று. அன்றிலிருந்து காத்தவராயன் சங்கத்தில் யாரோடும் பேசுவதில்லை.

ஷைலா அவருக்குப் போன் போட்டு, இன்னாத்துக்கு இதில் எழுதினீர்கள் என்று கேட்டார். பதில் எனக்கே கேட்டது.

"ஒருத்தருக்கும் போன் பண்ணிச் சொல்ல வாய் வரலம்மா. இதுல எழுதிட்டா எழுதினதுதானே. வேணாம்னா அழிச்சிடு."

ஷைலா அடுத்த எண்ணுக்குப் போகவில்லை. பங்காருபேட்டை வரை போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். பிறகு எடுத்து, பந்தயத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்.

அன்று மாலையே டைட்டஸ் ஷைலாவின் வீட்டுக்கு வந்துவிட்டார். புறாக்கள் தயார், ஜீப் சொல்லியாயிற்று, அடுத்த வாரம் மழை பிடித்துக்கொள்ளும் என்றார். கடைசியாக, கேலண்டரில் ரேஸ்தான் முதலில் ஏறியது என்றார்.

"ரேஸைத் தள்ளலாம். டாக்டரைத் தள்ள முடியாதுங்களே," என்றார் ஷைலா.

டைட்டஸ் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

கேலண்டரைப் பூட்டும் பேச்சை ஷைலா கமிட்டியில் எடுக்கவில்லை. காத்தவராயன் எழுதியதன் கீழே, அவர் புறாக்களுக்குத் தீனி வைக்க ஆள் தேவை என்று சேர்த்தார். வருகிறவர்கள் பட்டியலில் பெயர்கள் ஏறின. தீனிக்கு மட்டும் ஆளில்லை. ஒரு நாள் காலை அங்கே டைட்டஸின் பெயர் இருந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் காவலாளி எந்தக் கட்சி என்று கேட்டார். புறா என்றார் ஷைலா. சொன்ன நேரத்தையும் தாண்டி மாலைவரை கதவு திறக்கவில்லை. டாக்டர் வந்து பயமில்லை என்றதும் ஷைலா அதைக் கேலண்டரில் ஏற்றினார்.

அடுத்த வாரப் பந்தயத்தில் மழை பிடித்துக்கொண்டது. டைட்டஸின் புறாக்களில் பாதி இன்னும் வரவில்லை.

மறுநாள் ஷைலா ஆஸ்பத்திரிக்குக் காத்தவராயனைப் பார்க்கப் போயிருந்தார். கட்டில் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டூல்; அதை விட்டால் உட்காரக் கட்டில்தான். ஸ்டூலில் உட்கார்ந்து முடிவுகளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். டைட்டஸ் ஃபிளாஸ்க்கோடு வாசலில் வந்து நின்றார். காத்தவராயன் அவரைப் பார்த்தார்.

ஷைலா எழுந்தார். டைட்டஸிடம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து வராந்தாவில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.