தினமும் வருகிறவர்கள் மூன்று பேர்

லோகநாயகி மேடம் இறந்த செய்தி போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. பழைய கல்லூரி நண்பர் ஒருவர் போனில் சொன்னார். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, லீவு சொல்லிவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

அவரிடம் கணிதம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்களிடம் அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். நான் அவரால் வேலை இழந்தவள். என்னால் அதைத்தான் எழுத முடியும்.

அவர் துறைத் தலைவர். நான் ஒப்பந்த விரிவுரையாளர். எங்களைத் தவிரத் துறையில் இன்னொரு சார் மட்டும்தான். முதலாண்டில் இரண்டு பிரிவுகள் என்று சேர்க்கை நடக்கும். ஆள் போதாததால் இரண்டையும் ஒரே அறையில் உட்கார வைத்து நான் பாடம் எடுப்பேன். எண்பது பேர். மாலையில் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அந்த வருடம் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வந்தது. ஆள் கணக்குக் காட்ட, வழக்கம்போல அன்று ஒரு நாளைக்கு மட்டும் வெளியிலிருந்து இரண்டு முனைவர்களை வரவழைத்து எங்கள் துறையில் உட்கார வைத்திருந்தார்கள். குழுத் தலைவர் வந்து, "இந்தத் துறையில எத்தனை பேரும்மா?" என்று கேட்டார்.

மேடம் எழுந்து நின்றார். "தினமும் வர்றவங்க மூணு பேர் சார். இன்னிக்கு அஞ்சு பேர் உட்கார்ந்திருக்கோம்."

கூட வந்திருந்த கல்லூரி முதல்வரின் முகம் வெளுத்துப்போனது. வந்திருந்த இருவரில் ஒருவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு பிரிவை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. மேடத்திடமிருந்து தலைவர் பதவியைப் பிடுங்கினார்கள். பிரிவு குறைந்ததால் பாட நேரம் குறைந்தது, அதைக் காரணம் காட்டி என்னை அனுப்பிவிட்டார்கள். என் கணவருக்கு அப்போது வேலை இல்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, செவிலிமேட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு மேடம் டவுன் பஸ்ஸில் வந்தார். உள்ளே கூப்பிட எனக்கு மனம் இல்லை. அவராகவே வந்து உட்கார்ந்தார்.

"எல்லா காலேஜ்லயும் நடக்கிறதுதானே மேடம்? நீங்க மட்டும் ஏன் சொல்லணும்?"

"அத்தினி பேருக்கு முன்னாடி நீ கத்திக்கினு இருந்தம்மா. பின் பெஞ்சுல ஒரு பொண்ணு சந்தேகம் கேக்கக் கையத் தூக்கிக்கினே இருந்தா. பெல் அடிக்கிற வரைக்கும் உன் கண்ணுல படல. நான் வராண்டால நின்னு பார்த்தேன்."

"அது என் தப்பா?"

"இல்லம்மா. அதனாலதான் உன்னாண்ட சொல்லல. சொல்ல வேண்டிய இடத்துல சொன்னேன்."

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "உன் வேலை போகும்னு தெரிஞ்சுதான் சொன்னேன். தெரியாம செஞ்சிட்டேன்னு நினைச்சுக்காத" என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அடுத்த வருடம், நிறுத்திய பிரிவைத் திரும்பப் பெற வேண்டி, கல்லூரி இரண்டு நிரந்தர இடங்களுக்கு விளம்பரம் கொடுத்தது. மேடம்தான் போன் செய்தார். "அப்ளை பண்ணும்மா. இன்டர்வியூல நான் இருக்க மாட்டேன். என்னைத்தான் எதுக்கும் கூப்பிடறதில்லையே" என்று சிரித்தார். விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. முனைவர் பட்டம் முடித்த இருவரை எடுத்தார்கள். ஒரு பள்ளியில் சில காலம் வேலை பார்த்து, பட்டத்தை முடித்து, இப்போது வேறு ஊர்க் கல்லூரியில் இருக்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் மேடம் வீட்டு வாசலில், அன்று நிரந்தர இடங்களுக்கு எடுக்கப்பட்ட அந்த இருவரும் நின்றிருந்தார்கள். மாணவர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். இருவரில் ஒருவரான ஆசிரியை மாலை வாங்கிவர ஒரு மாணவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பந்தல்காரரிடம் பேச இன்னொருவனைப் பெயர் சொல்லி அனுப்பினார். என் எண்பது பேரில் பத்துப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் செய்தது சரி என்று இன்றைக்கும் என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. இப்போது நானும் துறைத் தலைவர். என் முடிவால் ஒருவருக்கு நஷ்டம் வருமென்றால், அதை மெயிலில் அனுப்புவதில்லை. அவர் வீட்டுக்குப் போய், எதிரில் உட்கார்ந்து, என் வாயால் சொல்கிறேன்.