வெள்ளத்துக்கு டாக்டர் அனுப்பும் போட்டி

செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரத்தைவிடச் சள்ளை பிடித்த வேலை, வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் வெள்ளப் பகுதிக்கு டாக்டர்களை அனுப்பிவைப்பது. சங்கப் பொறுப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

டானிக்

கடலோரத்தில் வெள்ளம் என்றதும் மருந்து ஏஜென்சியில் சண்டை போட்டு, பாதி விலைக்கு டானிக் பெட்டிகளை அள்ளிவந்தேன். சம்பளமில்லா லீவில் கிளம்பவிருந்த தொண்டர் குழுவுக்கு டாக்டர் ஜமீலாதான் தலைவி, நம்ம ஊர்ப் பெண். பெட்டிகளைப் பார்த்தும் அவர் முகம் மலரவில்லை.

"மருந்து சர்க்காரே தருதுண்ணா. நாங்க எதுல போறது, எங்க படுக்கறது, யாரு சோறு போடுவாங்க? அதச் சொல்லுங்க."

லாரி

நான் யோசிப்பதற்குள் நாமக்கல் முருகேசன் முந்திக்கொண்டான். லாரி ஓனர் சங்கத்துக்காரன். எதையும் அலட்டாமல் செய்வான். அதுதான் எனக்கு ஆகாது. டாக்டர்களுக்கு ஒரு வேன். பின்னாலேயே லாரியில் கட்டில், தண்ணீர்த் தொட்டி, அரிசி, சமையல்காரர். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டபோது குழு மொத்தமும் அவனைச் சுற்றி நின்றது. எனக்குக் காதில் புகை. என் டானிக்குக்கு இடமிருக்கா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. அரிசி மூட்டைய எறக்கோணும். எறக்கீரலாமுங்களா?"

லீவு

புறப்படுகிற நேரத்தில் சிக்கல். இரண்டு நர்சுகளுக்கு அவர்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லீவு தரவில்லை. அவர்கள் இல்லாமல் குழு போய்ப் பிரயோஜனமில்லை என்றார் ஜமீலா. முருகேசன் போய்க் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தபடி திரும்பினான்.

விடுவேனா? ஆஸ்பத்திரி முதலாளி முன்னால் உட்கார்ந்து, மிளகாய் மூட்டைக்குப் பேசுகிற மாதிரி பேசினேன். அவர் இரண்டு நாள் என்றார். நான் அரை மாதத்தில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் நின்றேன். அந்தப் பெண்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, மாற்று நர்சுகளுக்குச் சங்கம் கொடுக்கும் என்றேன். மேசையைத் தட்டினேன், குரல் வராந்தா வரைக்கும் போனது.

"கூட்டிட்டுப் போய்யா. நீ இன்னுங் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா என் பேஷண்டெல்லாம் எந்திரிச்சு ஓடிருவாங்க."

பேனர்

அந்தத் தெம்பில் என் படம் போட்ட பேனரை முருகேசன் லாரியில் நானே கட்டினேன், அவன் சங்கத்துப் பெயர் மறைகிற மாதிரி. குழு போய்ச் சேர்ந்த பிறகு, முகாம் எப்படி நடக்கிறது என்று ஜமீலாவுக்குப் போன் போட்டேன். பேனர் நல்லா தெரியுதா என்பதுதான் உள்ளே கிடந்த கேள்வி.

"பொம்பளைங்களப் பாக்கற எடத்துல மறைப்பே உங்க பேனர்தாண்ணா. உங்க மூஞ்சி உள்பக்கமா இருந்துச்சு, கூச்சப்பட்டாங்க. திருப்பிக் கட்டிட்டோம்."

நல்லெண்ணத்தோடு சங்கத்தில் சேருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வேலை நடக்க வேண்டுமென்றால் பக்கத்து ஊரில் ஒரு முருகேசன் இருந்தாக வேண்டும்.